பிரம்பின் வேகமும் உதையின் பாரமும்

ஒன்றரை முழ நீளம். கட்டைவிரலைவிடச் சற்றே கூடுதலான பருமன். ஏறத்தாழ 200 கிராம் எடை. இவ்வளவுதான் அந்தப் பிரம்பு. நாற்காலி பின்னும் கடையில் கிடந்தால் அதை ஆயுதம் என்று யாரும் எண்ணமாட்டார்கள். ஆனால் பிலிப்பைன்ஸ் நாட்டுப் போர்க்கலையில் தேர்ந்த ஒருவரின் கையில் அது இருந்தால், எதிராளியின் கை எலும்பை ஒரே வீச்சில் முறித்துவிடும்.

இன்னொரு புறம் கிக்பாக்ஸிங் வீரரை எண்ணிப் பாருங்கள். அவருக்குக் கையும் காலுமே கருவிகள். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் ஒரு கால் மட்டுமே சுமார் 10 கிலோகிராம் இருக்கும். அதாவது, அந்தப் பிரம்பைப் போல் ஐம்பது மடங்கு எடை.

இவ்விரு கலைகளையும் ஒருசேரப் பயிலும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. ஒன்று மற்றொன்றுக்குத் துணை செய்கிறதா, தடை செய்கிறதா? இவற்றால் உடலின் எந்தப் பகுதி வலுப்பெறும், எந்தப் பகுதிக்கு ஆபத்து? இக்கேள்விகளுக்கு விடை காணப் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் உயிரியலும் பெரும்பாலும் போதும்.

இரு கலைகளும் வந்த வழி

பிலிப்பைன்ஸ் நாட்டின் ஆயுதக் கலை ஆர்னிஸ், எஸ்கிரிமா, காளி என்று மூன்று பெயர்களால் வழங்குகிறது. முதல் இரண்டும் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் அத்தீவுகளை ஆண்டதன் தடம் அது. எஸ்கிரிமா என்பதற்கு ஸ்பானிய மூலச்சொல், வாட்போர் என்னும் பொருள் தருவது. ஆனால் ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கு ஆயுதப் பயிற்சி இருந்தது என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. கடற்பயணம் புறப்பட்ட மகெல்லன், 1521ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், செபு தீவை அடுத்த மக்டான் தீவில் லாப்பு லாப்பு என்ற தலைவனின் ஆட்களிடம் உயிரிழந்தார். அவருடன் சென்ற பிகஃபெட்டா என்பவர் அப்போரை நேரில் கண்டு எழுதியுள்ளார்.

அதே செபுவில் 1932ஆம் ஆண்டு டோசே பாரெஸ் என்ற பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1952இல் வெனான்சியோ பேக்கன் என்பவர், மிக நெருங்கி நின்று ஒற்றைப் பிரம்பால் பொருதும் பாலிந்தவாக் முறையை நிறுவினார். 2009ஆம் ஆண்டின் 9850ஆம் எண் சட்டத்தின்படி, ஆர்னிஸ் பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசியப் போர்க்கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவிக்கப்பட்டது.

கிக்பாக்ஸிங் வயதில் மிக இளையது. 1960களில் ஜப்பானியக் கராத்தே வீரர்கள் தாய்லாந்தின் முவாய் தாய் வீரர்களுடன் மோதிப் பார்த்ததன் விளைவாக அது பிறந்தது. ஒசாமு நோகுச்சி என்ற போட்டி அமைப்பாளர் அதற்கு இப்பெயரைச் சூட்டினார்.

இரண்டும் ஒரே கூடத்தில் சேர்ந்ததற்குக் காரணமானவர்களில் முதன்மையானவர் டான் இனோசாண்டோ. பிலிப்பைன்ஸ் வழிவந்த குடும்பத்தில் 1936ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பிறந்த இவர், புரூஸ் லீயின் மாணவர், நண்பரும்கூட. லீ மறைந்தபின் 1978இல் வெளிவந்த ‘கேம் ஆஃப் டெத்’ திரைப்படத்தில் இரண்டு பிரம்புகளோடு அவரை எதிர்த்து நிற்பவர் இவரே. தம் பள்ளியில் பிரம்புக் கலையையும் தாய்லாந்துக் குத்துச்சண்டையையும் அவர் அருகருகே கற்பித்தார். 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆர்னிஸ், கிக்பாக்ஸிங் இரண்டுமே இடம்பெற்றன.

ஒரு சிறு கணக்கு

குத்தும் பிரம்படியும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிதலுக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம்.

தோளிலிருந்து கைமுட்டி வரை 60 செ.மீ.; முட்டிக்கு வெளியே நீளும் பிரம்பு 60 செ.மீ. கையும் பிரம்பும் ஒரே கோலாகத் தோளை மையமாகக் கொண்டு சுழல்வதாக வைத்துக்கொண்டால், பிரம்பு நுனி மையத்திலிருந்து இரு மடங்கு தொலைவில் இருக்கிறது. ஆகவே அதன் வேகமும் இரு மடங்கு. முட்டி வினாடிக்கு 8 மீட்டர் சென்றால் நுனி 16 மீட்டர் செல்லும். கடைசி நொடியில் மணிக்கட்டைச் சொடுக்கினால் வேகம் இன்னும் கூடும். வினாடிக்கு 20 மீட்டர் என்று கொள்வோம்.

குத்தில், முட்டியோடு முன்கையும் உடலின் ஒரு பகுதியும் சேர்ந்து மோதுகின்றன. மோதலில் பங்குபெறும் நிறை 2.5 கிலோகிராம் என்க. பிரம்படியில் மோதலில் பங்குபெறும் நிறை 0.1 கிலோகிராம் மட்டுமே. இயக்க ஆற்றல், நிறையின் பாதியை வேகத்தின் இருபடியால் பெருக்க வருவது அல்லவா? குத்துக்கு 80 ஜூல். பிரம்படிக்கு 20 ஜூல். உந்தம், நிறையை வேகத்தால் பெருக்க வருவது. குத்துக்கு 20 அலகு. பிரம்படிக்கு 2 அலகு.

வியப்பாக இருக்கிறதா? பிரம்படியில் ஆற்றல் நான்கில் ஒரு பங்கு. உந்தம் பத்தில் ஒரு பங்கு. அப்படியிருந்தும் எலும்பை முறிப்பது பிரம்புதான். காரணம் பரப்பும் நேரமும். கையுறை அணிந்த முட்டி பரந்த இடத்தில் படுகிறது. கையுறையின் பஞ்சு மோதும் நேரத்தையும் நீட்டுகிறது. பிரம்போ ஒரு நாணயத்தின் அகலத்துக்குள், நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் தன் ஆற்றல் முழுவதையும் இறக்கிவிடுகிறது. அழுத்தம் அங்கே பன்மடங்காகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. பிரம்படி பட்ட இடத்தைச் சிதைக்கிறது: தோல், விரல், எலும்பு. குத்தும் உதையும் பட்ட பொருளை அப்படியே தள்ளுகின்றன, உலுக்குகின்றன. பட்ட பொருள் தலையாக இருந்தால் உள்ளேயிருக்கும் மூளையும் உலுங்கும். இம்முடிவை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

பிரம்பால் அடிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. எந்தக் கோலுக்கும், அடித்தால் பிடித்த கைக்கு அதிர்ச்சி வராத ஓரிடம் இருக்கும். சீரான கோலில் அது பிடியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தொலைவில் அமைகிறது. நம் பிரம்பில் நுனியிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. கிரிக்கெட் மட்டையில் பந்து சரியான இடத்தில் பட்டால் கை சுகமாக இருப்பதும் இதனால்தான்.

பிரம்பையே தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. பிரம்பு பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஏறுகொடி. மூங்கிலைப்போல் உள்ளே கூடாக இல்லாமல் நாரால் நிறைந்தது. அடிபட்டால் கூரிய சிம்புகளாகத் தெறிக்காமல் நார் நாராகப் பிரியும். நம் கருங்காலியின் இனமான காமகோங் மரத்தாலும் அங்கே கோல்கள் செய்கிறார்கள். அவை கனமானவை, இருவர் ஒருவரையொருவர் அடித்துப் பழகுவதற்கு ஏற்றவை அல்ல.

தொலைவே நேரம்

விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துங்கள் என்றால், கண் கண்டு, மூளை உணர்ந்து, விரல் அசைய ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. இதனை எதிர்வினை நேரம் என்கிறோம். பயிற்சியால் இதைச் சற்றுக் குறைக்கலாமே தவிர ஒழித்துவிட முடியாது.

பிரம்பு நுனி நிலையிலிருந்து கிளம்பி 20 மீட்டர் வேகத்தை எட்டுவதாக இருந்தால் அதன் சராசரி வேகம் சுமார் 10 மீட்டர். ஒன்றரை மீட்டர் வில்பாதையை அது 0.15 வினாடியில் கடந்துவிடும். நுனி கிளம்புவதைக் கண்டு விலக நினைத்தால், நினைத்து முடிப்பதற்குள் அடி விழுந்திருக்கும். வேகமாகப் பார்க்கப் பழகுவது இதற்கு மருந்தாகாது.

பின் என்ன செய்வது? இக்கலை தரும் முதல் விடை தொலைவு. எதிராளியின் பிரம்பு எட்டாத இடத்தில் நின்றால், அடிப்பதற்கு அவர் ஓர் அடி முன்வைத்தாக வேண்டும். உடல் முழுவதையும் நகர்த்தக் கையை வீசுவதைவிடக் கூடுதல் நேரம் தேவை. அந்த நேரம் நமக்குக் கிடைக்கிறது. ஓர் அடி தொலைவைக் கொடுத்து நேரத்தை வாங்கிக்கொள்கிறோம். இதனாலேயே தொலைவை லார்கோ, மெடியோ, கோர்ட்டோ, அதாவது எட்டம், இடைநிலை, கிட்டம் என மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே பயில்கிறார்கள். எட்டத்தில் நிற்கும்போது எதிராளியின் தலையைவிட அவர் கை நமக்கு அருகில் இருக்கிறது. ஆகவே கையையே அடித்து ஆயுதத்தைக் கீழே விழச்செய்வர். பாம்பின் நச்சுப்பல்லைப் பிடுங்குவது என்று இதைச் சொல்வது வழக்கம்.

இரண்டாவது விடை, நுனியைப் பாராமல் வேரைப் பார்ப்பது. நுனி வேகமானது, தோளும் இடுப்பும் மெதுவானவை. எந்த வீச்சும் அவற்றில்தான் தொடங்குகிறது.

மூன்றாவது விடை எண். பிரம்பை எத்தனையோ விதமாக வீசலாம். ஆனால் அவற்றையெல்லாம் வரும் திசையை மட்டும் வைத்து வகைப்படுத்தி எண்ணிட்டிருக்கிறார்கள். பல பள்ளிகளில் பன்னிரண்டு வகை. இதன் பயனை உளவியல் விளக்குகிறது. தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் மிகுந்தால் எதிர்வினை நேரமும் ஒழுங்கான ஒரு விதிப்படி மிகும் என்று 1952இல் ஹிக் என்ற ஆங்கில உளவியலாளர் காட்டினார். நூறு விதமான அடிகளைப் பன்னிரண்டு திசைகளாகச் சுருக்கினால் மூளையின் சுமை குறைகிறது.

கிக்பாக்ஸிங்குக்கு இம்மூன்றும் அப்படியே பொருந்தும். உதைக்கு எட்டும் தொலைவு, குத்துக்கு எட்டும் தொலைவு, இறுகப் பிடிக்கும் தொலைவு என்று அங்கேயும் மூன்று நிலைகள் உண்டு. பிரம்போடு பழகியவர் இத்தொலைவுகளை விரைவில் கண்டுகொள்வதற்குக் காரணம், பிரம்பு பிழையை உடனே தண்டித்துக் காட்டுவதுதான்.

விரல்களால் ஒரு சோதனை

இரு கைகளின் ஆட்காட்டி விரல்களையும் மேசைமேல் நீட்டி வையுங்கள். இரண்டையும் கார்க் கண்ணாடித் துடைப்பான்கள்போல் ஒரே பக்கமாக, இடமும் வலமுமாக அசையுங்கள். இப்போது மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் விரல்கள் உங்கள் விருப்பத்தை மீறி, இரண்டும் உள்நோக்கி, இரண்டும் வெளிநோக்கி என்று கண்ணாடிப் பிம்பம்போல் அசையத் தொடங்கிவிடும்! 1980களில் கெல்சோ என்ற அறிவியலர் ஆராய்ந்து புகழ்பெற்ற சோதனை இது. இரு கைகளையும் ஒத்த இயக்கத்துக்கு இழுப்பது நரம்பு மண்டலத்தின் இயல்பு.

இரு கைகளிலும் பிரம்பு பிடித்துப் பழகும் சினாவாளி என்ற பயிற்சி இவ்வியல்பை எதிர்த்து நீந்துவது. மூங்கில் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் செய்யும் தட்டியின் பெயரிலிருந்து வந்த சொல் இது. ஒரு கை மேலே அடிக்கையில் மற்றது அக்குளின் கீழ் காத்திருக்கும். அடுத்த கணம் இடம் மாறும். எதிரே நிற்பவரும் அவ்வாறே வீச, பிரம்புகள் தாளம் தவறாமல் மோதும். புதிதாகப் பயில்பவருக்கு முதலில் இரு கைகளும் ஒன்றாகவே ஓடும். வாரக்கணக்கில் பழகியபின், பெருமூளை எண்ணி எண்ணிச் செய்ததைச் சிறுமூளை சீராக நடத்த உதவுகிறது. இடக்கையும் வலக்கைக்கு இணையாகிறது. குத்துச்சண்டையில் இடக்கை மந்தமாக இருப்பவர்களுக்கு இது நல்ல துணை.

தடையாவது எங்கே?

எல்லாம் ஒத்துப்போகும் என்று எண்ணிவிடக் கூடாது. வலக்கைப் பழக்கமுள்ள கிக்பாக்ஸிங் வீரர் வலக்கையைப் பின்னே வைத்து, இடக்காலை முன்வைத்து நிற்பார். பிரம்பு வீரரோ ஆயுதம் ஏந்திய வலக்கையைப் பெரும்பாலும் முன்வைப்பார். கிக்பாக்ஸிங்கில் முகத்துக்கு வரும் அடியை முன்கையால் மறைப்பது சரி. பிரம்புக்கு முன்னால் அதையே செய்தால் அல்னா என்னும் முன்கை எலும்பு முறியும். மருத்துவர்கள் அவ்வெலும்பு மட்டும் நடுவில் முறிவதற்குத் தடியடி முறிவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மாறாக, பிரம்புப் பழக்கத்தில் கையைத் தாழ்த்தி வைப்பவர் கிக்பாக்ஸிங் களத்தில் தாடையில் குத்து வாங்குவார்.

ஆகவே தொடக்கத்தில் ஒரு கலையின் அடிப்படை நிலைகள் உறைக்கும் வரை மற்றதைக் கலக்காமலிருப்பது நல்லது. பிறகு ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பயிலலாம். கலந்து பயில்வோர் பயிற்சியின்போது தடுமாறினாலும், பிற்பாடு நினைவில் வைத்திருப்பதில் முந்திவிடுகிறார்கள் என்பதை 1979இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் எளிய கையசைவுச் சோதனைகளில் கண்டனர். தடுமாற்றத்தைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை.

எலும்பு பழகும்; மூளை பழகாது

இப்போது நாம் நினைவில் வைத்த முடிவுக்கு வருவோம்.

கிக்பாக்ஸிங் வீரர்கள் மணற்பையை மாதக்கணக்கில் உதைத்துக் கால் எலும்பை உரமாக்குகிறார்கள். இதில் மாயம் இல்லை. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது என்பதை ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892இல் விதியாக வகுத்தார். அளவாகச் சுமை கொடுத்து, ஓய்வும் கொடுத்தால் எலும்பு தடிக்கும். ஓய்வின்றி அடித்தால் விரியும். புட்டியால் உருட்டுவதும் கட்டையால் அடிப்பதும் தேவையற்ற கொடுமை. இதுபோலவே தசை பழகும், தோல் காய்க்கும், நுரையீரலும் இதயமும் பழகும்.

மூளை மட்டும் அடிக்குப் பழகாது. மண்டையோட்டுக்குள் நீரில் மிதப்பதுபோல் இருக்கும் அவ்வுறுப்பு, தலை சட்டென்று திரும்பும்போது சற்றுப் பிந்தியே திரும்புகிறது. அந்த இழுப்பில் நுண்ணிய நரம்பிழைகள் முறுக்குண்டு நைகின்றன. தாடையில் பக்கவாட்டில் விழும் குத்து ஒருவரை மயக்கமுறச் செய்வது இதனால்தான். ஆண்டுக்கணக்கில் அடிவாங்கிய குத்துச்சண்டை வீரர்கள் குடித்தவர்போல் தள்ளாடுவதையும் நினைவிழப்பதையும் 1928ஆம் ஆண்டிலேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் விவரித்திருக்கிறார்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தலைக்கவசம் அணிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கம்பி முகமூடியுடன் கூடிய தலைக்கவசம் பிரம்புப் பயிற்சியில் உயிர்காப்பது. கண்ணையும் பல்லையும் மண்டையோட்டையும் காப்பது. பிரம்பு மேற்பரப்பைத்தானே சிதைக்கிறது? அதற்குக் கவசம் தக்க விடை. ஆனால் குத்தும் உதையும் தலையை உலுக்குகின்றன. பஞ்சு வைத்த கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும். தலை திரும்புவதைத் தடுக்காது. வலி குறைவதால், காப்பு இருக்கிறது என்ற துணிவில் இன்னும் பல அடிகளை வாங்கிக்கொள்ளவும் இடம் தரும். வலி எச்சரிக்கை மணி. மணியை நிறுத்திவிட்டால் தீ அணைந்துவிடாது.

ஆகவே இரு கலைகளுக்கும் காப்பு முறை ஒன்றாக இருக்க முடியாது. பிரம்புக்குக் கவசம், கையுறை, கண்காப்பு ஆகியவை இன்றியமையாதவை. அவை இல்லாமல் ஒருவரோடொருவர் மோதக் கூடாது. கிக்பாக்ஸிங்குக்குக் கவசத்தைவிட அளவு முக்கியம். பையையும் பயிற்சி மெத்தையையும் முழு வலுவோடு அடிக்கலாம். தோழரின் தலையை மெல்லத் தொட்டால் போதும். தலையில் அடிபட்டபின் தலைவலி, குமட்டல், மயக்கம், மறதி, கண் கூச்சம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றைய பயிற்சியை அப்போதே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் இசைவு தரும்வரை களத்தில் இறங்கக் கூடாது. வளரும் வயதினருக்கு இது மேலும் பொருந்தும்.

இக்கலைகளில் எதையேனும் பயில நீங்கள் விரும்பினால், ஒரு பயிற்சிக் கூடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு நாள் மாலை அங்கே சென்று ஓரமாக அமர்ந்து பாருங்கள். ஆசிரியர் எவ்வளவு வேகமாக வீசுகிறார் என்பதைப் பார்க்க வேண்டாம். தலையில் அடிபட்ட மாணவனை அவர் உட்கார வைக்கிறாரா, ‘இதற்கெல்லாம் பயப்படுவதா’ என்று மீண்டும் களத்துக்கு அனுப்புகிறாரா என்று பாருங்கள். பிரம்பும் உதையும் கற்றுக்கொடுக்கக்கூடிய தொலைவு, நேரம், இரு கைகளின் இசைவு ஆகிய எல்லாவற்றையும் கற்றுக்கொள்வது மூளைதான். கற்றுக்கொள்ளும் உறுப்பையே கெடுத்துக்கொண்டு கற்கும் கல்வி எதற்கு?